துக்கம் கலைக்காத வீடு

ருயிகி
மார்ச் 11, 2018

அன்பு அகிமானாவுக்கு,

அமைதி உன்னோடு இருக்கட்டும். இங்கே நானும் பிள்ளைகளும் உன் அம்மாவும் தம்பி எலுவாவும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்காலம் முடியும்வரை இருக்கும் போல. பீன்ஸ் பூத்திருக்கிறது. உன் சுகத்தை எழுது. ஒட்டாவாவில் இன்னும் பனி கொட்டுகிறது என்று எலுவா சொன்னான். காதை மூடிக்கொண்டு போ.

துணி விற்கும் நம் லேயா சரக்கு எடுக்கக் கம்பாலாவுக்குப் போகிறாள். இந்தக் கடிதத்தை அங்கிருந்து தபாலில் போடுவாள். நீயும் அங்கே அவள் துணி எடுக்கும் கடைக்கே எழுது. தொலைபேசியில் எதுவும் அனுப்பாதே. சந்தைக்குப் போகும் வழியில் ஆளும் கட்சிப் பையன்கள் நின்றுகொண்டு ஒவ்வொரு தொலைபேசியையும் வாங்கிப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒருத்தி தன் தங்கை அனுப்பிய பிறந்தநாள் பாட்டுக்கு விளக்கம் சொல்லவே அரை நாள் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குன்றின் ஊர்த்தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார். உன் அண்ணனுக்கு நாங்கள் துக்கம் கலைக்கலாம்.

சல்வாத்தோரை புஜும்புரா வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்த வீடு துக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் துக்கம் என்று சொல்லவும் விடவில்லை. நான் போய் நின்ற ஒவ்வொரு தடவையும் தலைவர் இதையே சொன்னார்: "ஓடிப்போனவனுக்கு யாராச்சும் துக்கம் காப்பாங்களாம்மா? அவன் வெளிநாட்டுல சொகுசா இருப்பான். நீ ஏன் இங்க வெள்ளாட்டைப் பாத்துக்கிட்டு அழுவுற?" இப்போது எப்படியோ மனது இளகியிருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. ஊர் கூடியிருக்கும்போது, அவர் மலேரியாவில் செத்தார் என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை வரக்கூடாது. நான் சரி என்றேன்.

ஜூலையில், சோளம் அறுத்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று உன் பெரியப்பா சக்காரி சொல்கிறார். தகப்பனின் பிள்ளைகள் அத்தனை பேரும் சம்மதம் சொல்லாமல் துக்கம் கலைக்கும் கள்ளுப் பானையைத் திறக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். எலுவா சொல்லிவிட்டான். அவனுக்கும் அவசரம், பெண் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது, துக்கம் கலையாத வீட்டில் கல்யாணம் செய்ய முடியாது. இனி உன் சம்மதம் மட்டும்தான் பாக்கி. இரண்டு வரி எழுதினால் போதும். பெரியப்பா எல்லார் முன்னாலும் படிப்பார்.

அத்தை உன்னை முத்தமிடச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
பெர்பெத்து


ஒட்டாவா
ஏப்ரல் 22, 2018

அன்புள்ள அண்ணிக்கு,

அமைதி உங்கள் எல்லோருடனும் இருக்கட்டும். நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் லேயாவின் கடை விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளை தேய்க்கச் சொல்லுங்கள். பனி உருகிவிட்டது, குளிர் போகவில்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலை, மாலையில் படிப்பு, நடுவில் பேருந்தில் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. அந்த நேரத்தில் ஏதாவது படிப்பேன். உங்கள் கடிதத்தையும் அங்கேதான் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

அண்ணி, மலேரியாவா?

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இங்கே நம்மவர்கள் கூடும் தேவாலயக் கூடத்தில்கூட நான் பாத்திரம் கழுவும் பக்கத்தில்தான் நிற்பேன். ஒரே பீன்ஸ், ஒரே வாழைக்காய். ஆனால் அரசாங்கத்தின் ஆட்களுக்கு ஒரு மேஜை, எதிர்ப்பவர்களுக்கு ஒரு மேஜை. இந்தப் பக்கத்து மேஜைக்காரர்கள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் திங்கட்கிழமைக்குள் செய்தி புஜும்புராவுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நான், ஒவ்வொரு டிசம்பரிலும் நாடாளுமன்றத்துக்கு எதிரே பனியில் அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், சட்டைப்பையில் சாக்பீஸ் தூளோடு இருப்பாரே, அது. கீழே, ‘எங்கே?’ என்று எழுதியிருக்கிறேன். நான் அப்படி நிற்கும்வரை யாரோ சிலர் பதில் சொல்ல வேண்டியவர்கள். மலேரியா என்று சொல்லிவிட்டால் கொசுதான் பதில் சொல்ல வேண்டும்.

அவரை எடுத்துக்கொண்டு போனவர்களே வந்து அந்தப் பானையில் குழல் போட்டு நம்மோடு குடிப்பார்கள். குடித்துவிட்டு, ‘பாவம், நல்ல வாத்தியார்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கு என் சம்மதம் வேண்டுமா?

எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவர் இல்லை என்று உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயம்? உடலை யார் பார்த்தார்கள்? எத்தனையோ பேர் எல்லை தாண்டியிருக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. மனைவியே இப்படி முதலில் கைவிடலாமா என்று எழுதினேன். அடித்துவிட்டேன், ஆனால் அடித்ததை நீங்கள் வெளிச்சத்தில் வைத்துப் படிப்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

என்னால் சம்மதம் சொல்ல முடியாது. எலுவா என்னை மன்னிக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அகிமானா


ருயிகி
மே 29, 2018

அன்பு அகிமானாவுக்கு,

அமைதி உன்னோடு இருக்கட்டும். எல்லோரும் சுகம். தைலம் வந்தது. அத்தை முழங்காலுக்குத் தேய்த்தது போக நெற்றிக்கும் தேய்த்துக்கொள்கிறார். நல்ல வாசனை என்கிறார்.

அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பு முடிந்தது. எல்லோரும் போனோம். போகாதவர்களின் கதவைத் தட்டினார்கள். எங்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

பெண் வீட்டார் பொறுமை இழந்துவிட்டார்கள். பெண்ணின் சித்தி தண்ணீர்க் குழாயடியில் வைத்து என்னிடம் கேட்டாள்: "உங்க வீட்டுல துக்கம் ஒண்ணுதான் விளையுமா? எங்க பொண்ணு பல்லு விழுற வரைக்கும் காத்திருக்கணுமோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அகிமானா, நீ சொல்வது எல்லாம் சரி. மலேரியா பொய். அவர்கள் வந்து குடிப்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் ஒட்டாவாவில் நீ அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இந்தக் குன்றில் நான் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. சின்னவன் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். எனக்கு ஒரு நாள் வேண்டும். ஊர் கூடியிருக்க, நான் சல்வாத்தோரின் மனைவி, அவர் இறந்துவிட்டார் என்று சொல்லி உட்காரும் ஒரு நாள். எந்த நோயில் என்பதை அவர்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளட்டும்.

நான் இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. சம்மதம் எழுது.

உன் அண்ணி,
பெர்பெத்து


ஒட்டாவா
ஜூன் 17, 2018

அன்புள்ள அண்ணி, அன்புள்ள அம்மா, எலுவா, பெரியப்பா,

எல்லோருக்கும் அமைதி. இந்தக் கடிதத்தை எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்தே படியுங்கள். நல்ல சேதி.

நேற்று ஒரு ஞானஸ்நான விருந்து. தன்சானியா அகதி முகாமிலிருந்து போன மாதம்தான் இங்கே வந்து சேர்ந்த தியோஜேன் என்பவர் வந்திருந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை, எந்தப் பக்கத்து ஆள் என்று யாருக்கும் தெரியாததால். நான் தட்டில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த ஊர், எந்தக் குன்று என்று பேச்சு வந்தது. ருயிகி என்றேன். என் அண்ணன் கணக்கு வாத்தியார் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கணக்கு வாத்தியாரா? நெட்டையா, கொஞ்சம் கூன் போட்டு நடப்பாரே? எங்க முகாம்ல மரத்தடியில பிள்ளைங்களுக்குக் கணக்கு போடுவாரு தங்கச்சி. சல்வாத்தோர்னுதான் கூப்பிடுவாங்க."

அம்மா, அவர் உயிரோடு இருக்கிறார். உங்களைத்தான் கேட்டாராம். அம்மா எப்படி இருக்கிறாள், முழங்கால் வலி குறைந்ததா என்று ஊர்ப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் கேட்பாராம்.

பெரியப்பா, உயிரோடு இருப்பவருக்குத் துக்கம் கலைப்பது பாவம். பானையைத் திறக்காதீர்கள்.

அண்ணி, நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவே இல்லை. இனி எழுத வேண்டாம். அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. இன்று முதல் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் உங்கள்,
அகிமானா


ருயிகி
ஜூலை 14, 2018

அகிமானாவுக்கு,

அமைதி. எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை எலுவா எல்லார் முன்னாலும் படித்தான். அத்தை திரும்பப் படிக்கச் சொன்னார், அப்புறம் இன்னொரு தடவை. அடுத்த வீட்டுக்காரர்களும் வந்து கேட்டார்கள். பெரியப்பா பானையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவைக் கேட்டார், முழங்காலைக் கேட்டார் என்பது அந்த மனிதர் வாயால் சொன்னதா? அதே வார்த்தையா? அத்தைக்கு முழங்கால் வலி வந்ததே போன வருஷம்தான்.

உன் அம்மா தன்சானியாவுக்குக் கிளம்புகிறார். எல்லை இங்கிருந்து நடை தூரம் என்று உனக்குத் தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன். "நீ என்ன பொண்டாட்டி, எம்புள்ள உசுரோட இருக்கான்னதும் மூஞ்சி கறுத்துப்போச்சே உனக்கு" என்று கேட்டார்.

உடனே பதில் எழுது. கடிதம் வேண்டாம், லேயாவை எப்படியாவது தொலைபேசியில் பிடி. என்ன ஆனாலும் ஆகட்டும்.

பெர்பெத்து


ஒட்டாவா
ஆகஸ்ட் 6, 2018

அன்புள்ள அண்ணிக்கு,

அமைதி. லேயாவின் எண்ணுக்கு நான்கு நாளாக முயன்றுகொண்டிருக்கிறேன். அணைத்து வைத்திருக்கிறாள். வேறு வழியில்லாமல் கம்பாலாவுக்குப் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவைப் போக விடாதீர்கள். கட்டி வையுங்கள், பொய் சொல்லுங்கள், நோய் என்று படுத்துக்கொள்ளுங்கள்.

தியோஜேன் சொன்னது, நெட்டையான ஒரு கணக்கு வாத்தியார், பெயர் சல்வாத்தோர் என்பது மட்டும்தான். அம்மாவைக் கேட்டதாகச் சொன்னது நான். அதை எழுதும்போது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிரோடு இருந்தால் அண்ணன் அதைத்தானே கேட்பார் என்று நினைத்தேன். நீங்கள் எல்லோரும் நம்ப வேண்டும், பானை திறக்கக் கூடாது, அவ்வளவுதான் அன்று எனக்குத் தெரிந்தது.

நேற்று தியோஜேன் வீட்டுக்குப் போய் அண்ணனின் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இவரா... இருக்கலாம் தங்கச்சி. நான் தள்ளி நின்னுதான் பாத்திருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, இவருதான்" என்றார். அப்படி இரக்கப்பட்டுச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள்.

அகிமானா


ருயிகி
செப்டம்பர் 19, 2018

அன்பு அகிமானாவுக்கு,

அமைதி உன்னோடு இருக்கட்டும். பிள்ளைகள் சுகம். எலுவா சுகம்.

தனியாக இருக்கும்போது இதைப் படிக்காதே. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

உன் கடிதம் வந்தபோது அத்தை கிளம்பிப் போயிருந்தார். ஜூலை முடிவதற்குள்ளேயே, நான் வயலில் இருந்தபோது, ஒரு துணி மூட்டையும் தைலக் குப்பியும் எடுத்துக்கொண்டு. எலுவா பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தான். திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவனும் கூடவே போனான். அவன் சொன்னதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

முகாமில் விசாரித்து அந்த வாத்தியாரைக் கண்டுபிடித்தார்கள். அப்படி ஒருவர் இருக்கிறார். நெட்டையானவர், கணக்கு வாத்தியார், சல்வாத்தோர் என்றே பெயர், ஆனால் மகாம்பா ஊர்க்காரர். மரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களாம். அத்தை தூரத்திலிருந்து பார்த்தபோதே தெரிந்திருக்கும், ஆனால் கிட்டே போகும்வரை நிற்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா, நான் அவர் இல்ல" என்றாராம். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏம்ப்பா மன்னிப்பு கேக்குற? பிள்ளைங்களுக்கு நல்லா சொல்லிக் குடு" என்று சொன்னாராம். அவர்களைச் சாப்பிடாமல் போக விடவில்லை. ஒரு வாரம் அவர் குடிசையிலேயே வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தபின் நடக்க முடியவில்லை. எலுவா முதுகில் சுமந்து சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனான். அங்கே மலேரியா என்று சொன்னார்கள். மருந்தும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை போய்விட்டார்.

அடக்கத்துக்கு அனுமதி கேட்கப் போனேன். தலைவர் உட்காரச் சொல்லி உடனே கொடுத்தார். தானே வந்து மண் போட்டார். பாட்டுப் பாடினார்கள். ஊர் முழுக்க வந்தது. வாழைப்பழக் கள் போதவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அத்தையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழுதேன். யாரும் தடுக்கவில்லை.

நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. சாப்பிடு.

உன் அண்ணி,
பெர்பெத்து


ஒட்டாவா
அக்டோபர் 28, 2018

அன்புள்ள அண்ணிக்கு,

அமைதி உங்களுக்கு. நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

இங்கே அம்மாவுக்காகக் கூடத்தில் ஒரு மாலை உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்தார்கள், ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். நான் பாத்திரம் கழுவப் போனபோது யாரும் விடவில்லை. "இன்னைக்கு நீ உக்காரணும்" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவை எது கொன்றது என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன். உண்மைதான். இவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதே இல்லை.

முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி என்னைத் தன் மகள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் ஒவ்வொரு தடவையும், ‘நான் உங்கள் மகள் இல்லை’ என்று மரியாதையாகத் திருத்துவேன். இப்போதெல்லாம் திருத்துவதில்லை. மகாம்பா வாத்தியார் அம்மாவிடம் இல்லை என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்ன என்று யோசிக்கிறேன். இப்படித்தான் என் மூளை வேலை செய்கிறது.

அண்ணி, நீங்கள் கேட்ட சம்மதம் இதோ. தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். பெரியப்பா படிக்கட்டும். அண்ணன் மலேரியாவில் இறந்தார் என்றே எழுதியிருக்கிறேன். இந்த டிசம்பரில் நான் படத்தை எடுத்துக்கொண்டு போக மாட்டேன். நீங்கள் கேட்ட அந்த நாள் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் ஜூன் கடிதம் வந்த அன்றே அது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. முழங்கால் வலியை வைத்து மட்டும் இல்லை, அதற்கு முன்பே. ஏப்ரலில் நான் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ஏன்?

அகிமானா


ருயிகி
டிசம்பர் 23, 2018

அன்பு அகிமானாவுக்கு,

அமைதி உன்னோடு இருக்கட்டும். கிறிஸ்து பிறந்தநாள் விழா நெருங்குகிறது. பிள்ளைகள் சுகம். மூத்தவள் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். மழை நன்றாகப் பெய்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். லேயா இதைக் குழந்தையை முதுகில் கட்டும் துணிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுபோகிறாள்.

அவரைக் கொண்டுபோன இரண்டாம் நாள், புஜும்புராவில் எங்கள் வீட்டுக்குத் தக்காளி விற்கும் ஒருத்தி வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓரம் போய்ப் பார், ஆனால் அழாதே என்றாள். அன்று பல பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவது போல அந்த வழியாகப் போனோம். யாரும் யாரோடும் பேசவில்லை. ஏழெட்டுப் பேரை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கைகள் பின்னால் முழங்கையோடு கட்டப்பட்டிருந்தன. நான் காலர் மாற்றித் தைத்த நீலச் சட்டை. முகமும் அப்படியேதான் இருந்தது, முகத்துக்கு ஒன்றும் செய்திருக்கவில்லை. எனக்குக் கால் நின்றுவிட்டது. காவலுக்கு நின்றவன் பார்த்துவிட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"உங்க ஆளாக்கா?"

"இல்ல தம்பி. யாருன்னே தெரியாது."

உடலைக் கேட்டு வந்தவர்களையும் கொண்டுபோகிறார்கள் என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். நான் சந்தை வரை போய், கூடை காலியாகத் திரும்பக் கூடாது என்று தக்காளி வாங்கிக்கொண்டு, அதே வழியாகத் திரும்பினேன். அப்போதும் அவர் அங்கேயே இருந்தார். மாலையில் லாரி வந்து எல்லோரையும் எடுத்துப் போனது. எங்கே என்று தெரியாது.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது? பார்த்தேன் என்று சொன்னால், பார்த்துவிட்டு என்ன செய்தாய் என்று கேட்பார். உன்னிடமும் அதனால்தான் சொல்லவில்லை. யார் என்றே தெரியாது என்று சொன்ன இந்த வாயால், என் புருஷன் என்று ஒரு தடவை ஊர் முன்னால் சொல்ல வேண்டும் என்றுதான் தலைவர் வாசலில் இரண்டு வருஷம் நின்றேன்.

ஜூலையில் அத்தை கிளம்பியபோது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மூஞ்சி கறுத்துவிட்டது என்று அவர் சொன்னதும் உள்ளே போய்விட்டது. நீ எழுதியது ஒரு பங்கு என்றால் நான் சொல்லாதது ஒரு பங்கு. நீ மட்டும் சுமக்காதே.

உன் சம்மதத் தாள் வந்தது. பெரியப்பா அழுதார். பெண் வீட்டார் போன மாதமே வேறு இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் துக்கத்தையாவது கலைப்போம் என்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானும் பெரியப்பாவும் தலைவரிடம் போனோம். அவர் முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மலேரியாவா? யாருக்கு? உங்க மாமியாருக்குத்தானே மலேரியா? உங்க புருஷன் தன்சானியாவுல பள்ளிக்கூடம் நடத்துறாருன்னு கனடாவுலேருந்து தங்கச்சி எழுதினதை ஊரே உக்காந்து கேட்டுச்சே. பெத்தவ எல்லை தாண்டிப் போயி ஒரு வாரம் மகன்கூட இருந்துட்டு வந்தா. செத்தவனைப் பாக்க எந்தத் தாயாச்சும் நடந்து போவாளா?"

அது வேறு ஆள் என்று பெரியப்பா சொன்னார். தலைவர் சிரித்தார். "கனடாவுல ஒருத்தி, தன்சானியாவுல ஒருத்தன். பெரிய குடும்பம்தான் உங்களுது. நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றார். எல்லை தாண்டி ஓடிப்போனவர்களின் கணக்கில் உன் அண்ணன் பெயரையும் எழுதிவிட்டார்களாம். இனி அதை யாராலும் மாற்ற முடியாது என்றார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பொதுவேலை முடிந்து மண்வெட்டியைக் கழுவும்போது, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்கிறார்: "புருஷங்கிட்டேருந்து சேதி உண்டா?" இல்லை என்கிறேன். "வரும், வரும்" என்கிறார். மற்றவர்கள் குனிந்து மண்வெட்டியைப் பார்க்கிறார்கள். அத்தைக்கு அடுத்த வருஷம் துக்கம் கலைப்போம், அதற்குத் தடை இல்லை. உன் அண்ணனுக்கு இனி இல்லை.

படத்தை நீ எடுத்துக்கொண்டு போகாமல் விட்டது நல்லதுதான். தலைவர் சொன்னபடியே தங்கையும் சொல்கிறாள் என்று இருக்கட்டும். பிள்ளைகள் வளர வேண்டும். எங்களுக்கு இனி எழுதும்போது பனியைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். எலுவா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன் தன்சானியாவில் சுகமாக இருக்கிறார். கேட்பவர்களிடம் நீயும் அப்படியே சொல்.

உன் அண்ணி,
பெர்பெத்து